கணக்கை மெய்ப்பிப்போம்; தமிழை நிலைநிறுத்துவோம்!

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை இன்று காண்போர், அஃது ஏரியும் கழனியுமாகக் கிடந்த உழவர் நிலம் என்பதை நம்புதற்கும் தயங்குவர். சீருந்தும் சரக்குந்தும் உருவாக்கும் ஆலைகள் அங்கு வரிசையாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் அருகே வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அவ்வூர் மண்ணை அகழ்ந்து பார்த்தபொழுது, மிகப் பழைய கற்கருவிகளும், உரோம நாட்டுச் சாடிகளின் உடைந்த ஓடுகளும் வெளிப்பட்டன. மேலே எந்திரப் பொறிகள், கீழே கற்கருவிகள். இடையில் எத்தனை ஆயிரம் ஆண்டுகள்!

அகழாய்வாளர் மண்ணைத் தொடுமுன் கயிறு கட்டி நிலத்தைக் கட்டங்களாகப் பிரிப்பர். கட்டத்தின் மூலை பிசகினால் ஆய்வே பிசகும். ஆகலின் ஒரு பக்கம் 3 அளவும், மறு பக்கம் 4 அளவும் குறித்துக்கொண்டு, குறுக்கே 5 அளவு வருகின்றதா என்று பார்ப்பர். ஆலைக்குக் கடைக்கால் எடுக்கும் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இதே 3, 4, 5 கொண்டுதான். அவ்வூர்ப் பிள்ளை பத்தாம் வகுப்பில் தேற்றம் என்று எழுதி மதிப்பெண் வாங்குவதும் இதைத்தான். அகழாய்வாளர், கொத்தனார், மாணவர் ஆகிய மூவர் கையிலும் இருப்பது ஒரே உண்மை. ஆனால் அஃது ஒன்றே என்று அந்தப் பிள்ளைக்கு யாரேனும் சொன்னோமா? கொத்தனாராகிய தன் தந்தை நாள்தோறும் கயிற்றால் செய்வதையே தான் ஏட்டில் எழுதுகின்றோம் என்பதை அறியாமலே எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறினர்! இத்திங்கள் நாம் எழுதப் புகுவது இக்குறை பற்றியே.

கணக்குப் பாடம் நம் பிள்ளைகளுக்கு இன்று நெட்டுருப் பாடமாகிவிட்டது. வாய்பாடு இன்னது, அதில் எண்ணை இடுக, விடை இன்னது. ஏன் அவ்வாறு வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு, 'தேர்வுக்கு அது வாராது' என்பதே மறுமொழி. இக்குறையைத் தமிழின் தலையில் சுமத்துவோரும் உளர். தமிழில் படித்தால் கணக்கு விளங்காது. ஆங்கிலத்தில் படித்தால் விளங்கிவிடும் என்பது அவர்தம் கூற்று. விளங்காமையை ஆங்கிலத்திலும் நெட்டுருச் செய்ய முடியும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர்கள் பிழை ஒருபுறம் இருக்கட்டும். நம்மவர் பிழை ஒன்றையும் இங்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்திற்கு எதிரே கிடக்கும் நீண்ட பக்கத்தை அளக்க, போதையனார் என்பார் பெயரால் ஒரு பாட்டு வழங்குகின்றது. பித்தாகரசு சொன்னதை நம் முன்னோர் அவனுக்கு முன்பே சொல்லிவிட்டனர், அதுவும் இருபடி மூலம் காணும் தொல்லையின்றியே சொல்லிவிட்டனர் என்று நம் மேடைகளில் முழங்குகின்றோம், இதழ்களில் எழுதுகின்றோம், கேட்போரும் கை தட்டுகின்றனர். அப்பாட்டின் காலமும் ஆசிரியரும் பற்றி இங்கு நாம் வழக்காடவில்லை. அது சொல்லும் கணக்கு மெய்யா என்பதே நம் வினா. கை தட்டியவருள் எத்தனை பேர் எழுதுகோலை எடுத்து அதனைச் செய்து பார்த்தனர்?

செய்து பார்ப்போம். பாட்டின் கருத்து இது: நெடும்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளுக, எஞ்சியதனோடு குறும்பக்கத்தில் பாதியைக் கூட்டுக, வருவதே எதிர்ப்பக்கத்தின் நீளம். பக்கங்கள் 4, 3 என்க. 4இல் எட்டில் ஒன்று அரை, தள்ளினால் மூன்றரை. 3இல் பாதி ஒன்றரை. கூட்டினால் 5. மெய்! பக்கங்கள் 12, 5 என்க. பத்தரையும் இரண்டரையும் 13. இதுவும் மெய்! இதனோடு நிறுத்திக்கொள்வதால்தான் கைதட்டல் எழுகின்றது. இன்னும் ஒரு முறை செய்க. பக்கங்கள் 15, 8. உண்மை விடை 17. பாட்டின் வழியில் வருவது 17உம் அரைக்காலும். பக்கங்கள் 24, 7. உண்மை விடை 25. பாட்டின் வழியில் இருபத்து நாலரை. இனி, 40 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள ஒரு குறுகிய பாத்தியை எடுத்துக்கொள்க. முப்பத்தைந்தும் ஒன்றும் 36. குறுக்கே கிடக்கும் கோடு, நெடும்பக்கத்தினும் நான்கடி குறுகிப் போய்விட்டது! பாத்தியின் மூலைக்கு மூலை நடந்து பார்த்த சிறுவனும் இதை ஒப்பானே.

அங்ஙனமாயின், சிலவற்றிற்கு மெய்யாகவும் சிலவற்றிற்குப் பொய்யாகவும் வருவது ஏன்? பள்ளிக் குறிக்கணக்கைக் கொண்டே அறியலாம். நெடும்பக்கத்தை 'நெ' என்றும் குறும்பக்கத்தை 'கு' என்றும் கொள்க. பாட்டு மெய்யாக வேண்டுமானால், அது தரும் நீளத்தின் இருபடி, இரு பக்கங்களின் இருபடிகளின் கூட்டுத்தொகைக்கு ஒத்திருக்க வேண்டும். எட்டில் ஒன்று, பாதி என்னும் பின்னங்கள் நீங்கும்படி எட்டால் பெருக்கி எழுதினால்,

(7நெ + 4கு)² = 64நெ² + 64கு²

இடப்பக்கத்தை விரித்தால் 49நெ² + 56நெகு + 16கு² ஆகும். அனைத்தையும் ஒரு பக்கம் கொணர்ந்தால்,

15நெ² − 56நெகு + 48கு² = 0

இதனைப் பெருக்குக் கூறுகளாகப் பிரித்தால்,

(3நெ − 4கு)(5நெ − 12கு) = 0

விடை கண்முன் நிற்கின்றது. நெடும்பக்கமும் குறும்பக்கமும் 4க்கு 3 என்னும் தகவில் இருக்க வேண்டும். அன்றேல் 12க்கு 5 என்னும் தகவில் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கு மட்டுமே பாட்டு முற்றும் மெய். வேறு எந்தச் செங்கோண முக்கோணத்திற்கும் அது மெய்யாகாது. பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடு ஒன்று, பல்லாண்டு மேடை முழக்கத்தை நான்கே வரிகளில் அளந்து காட்டிவிட்டது காண்க.

இதனால் நமக்கு இழுக்கு என்று யாரும் வருந்த வேண்டுவதில்லை. இன்னும் சற்றே ஆழ்ந்து பார்த்தால் அப்பாட்டின் உண்மைப் பெருமையும் விளங்கும். நெடும்பக்கம் குறும்பக்கத்தைப்போல் ஒன்றேகால் மடங்கினும் சற்று மிகுந்தது முதல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வரை, அஃதாவது மேற்சொன்ன இரு தகவுகளுக்கும் இடையே, இருக்குமாயின், பாட்டின் விடைக்கும் உண்மை விடைக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒன்றினும் குறைவே. வீடும் கொட்டகையும் கட்டுவோர்க்கு இஃது எத்துணை உதவி! இருபடி மூலம் காணாமல், அரையும் அரைக்காலும் மட்டுமே அறிந்த தச்சனும் கொத்தனும் வாயாலேயே போட்டுக்கொள்ளத்தக்க கைக்கணக்கு அது. அதனை ஆக்கியவன் பட்டறிவுடையான், கூர்த்த மதியினன். தோராயக் கணக்காக அதனைப் போற்றுவோம். தேற்றம் என்று மட்டும் சொல்லற்க. அவன் சொல்லாத பெருமையை அவன்மேல் ஏற்றி, மாற்றார் நகைக்க இடங்கொடுத்தல், நாம் அவனுக்குச் செய்யும் சிறப்பாகாது.

முந்தி என்னும் வழக்கும் அவ்வாறே. பித்தாகரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாபிலோனியர் செங்கோண முக்கோணப் பக்க எண்களைக் களிமண் பலகையில் பொறித்து வைத்தனர். யார் முந்தி என்பதனால் ஒரு கணக்கு மெய்யாவதில்லை. ஏன் மெய் என்று காட்டினால்தான் மெய்யாகின்றது.

பழங்கணக்கு அனைத்தும் தோராயமே என்றும் எண்ணிவிட வேண்டா. காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களின் வழி வந்த வட்டக் கணக்கைப் பாருங்கள். சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு வரும் என்பது அது. இது முற்றும் மெய். ஏன்? வட்டமான அடையொன்றை நடுவிலிருந்து மெல்லிய துண்டுகளாக அரிந்து, ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியுமாக மாற்றி மாற்றி அடுக்குக. துண்டுகள் மெலிய மெலிய, அடுக்கு ஒரு செவ்வகத்தை நெருங்கி வரும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. பாட்டிகள் சுடும் அடையைக் கொண்டே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதனை விளக்கலாம். இரண்டும் பழங்கணக்கே, ஒன்று முழுமெய், மற்றொன்று தோராயம். பழமையைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறிய முடியுமா? பாட்டின் ஓசையைக் கொண்டு அறிய முடியுமா? மெய்ப்பிப்பு ஒன்றே அதனை அறிவிக்கும்.

அத்தேற்றத்தின் மெய்ப்பிப்பையும் தமிழில் சொல்ல எத்தனை வரி வேண்டும்? இதோ. செங்கோண முனையிலிருந்து எதிர்ப்பக்கத்திற்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்குக. அஃது எதிர்ப்பக்கத்தை இரண்டு துண்டாக்கும். முக்கோணத்தையும் இரண்டு சிறு முக்கோணங்களாக்கும். சிறு முக்கோணம் ஒவ்வொன்றிலும் ஒரு செங்கோணம் உண்டு. பெரிய முக்கோணத்தின் கோணம் ஒன்றும் உண்டு. இரண்டு கோணங்கள் ஒத்தால் மூன்றாவதும் ஒத்தே தீரும். எனவே மூன்றும் வடிவொத்தவை. அவற்றின் பக்கங்கள் ஒரே தகவில் அமைந்தவை. ஆகவே நெடும்பக்கத்தின் இருபடியானது, எதிர்ப்பக்கத்தை அதன்கண் நெடும்பக்கத்தை ஒட்டிய துண்டால் பெருக்கிய அளவாகும். குறும்பக்கத்தின் இருபடியும் எதிர்ப்பக்கத்தை மற்றைத் துண்டால் பெருக்கிய அளவாகும். இவ்விரண்டையும் கூட்டுங்கால் துண்டுகள் இரண்டும் சேர்ந்து முழு எதிர்ப்பக்கமாகின்றன. அதன் இருபடியே வந்து நிற்கின்றது. முடிந்தது! இதில் தமிழுக்கு எங்கே தட்டுப்பாடு? எந்தச் சொல் கிடைக்காமல் நின்றோம்?

இதனை விளங்கிப் படித்தல் தேர்வுக்கு மட்டுமன்று, வாழ்வுக்கும் வேண்டும். ஆலைகள் சூழ்ந்த ஊர்களில் ஓர் அடி நிலத்திற்கும் இன்று விலை உண்டு. நான்கு பக்கமும் ஐம்பது ஐம்பது அடியாக ஒரு மனை இருக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதை ஐம்பதால் பெருக்கி இரண்டாயிரத்து ஐந்நூறு அடிப் பரப்பு என்று விற்பவன் சொல்கின்றான். நான்கு பக்கமும் அளந்து பார்த்து வாங்குபவனும் தலையசைக்கின்றான். ஆனால் மூலைக்கு மூலை அளந்தானா? மூலைவிட்டங்கள் 60உம் 80உமாக இருந்தால் பரப்பு 2400 அடியே. 28உம் 96உமாக இருந்தாலோ பரப்பு 1344 அடியே. ஏறத்தாழப் பாதி போயிற்று! பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. மனை மட்டும் சாய்ந்துவிட்டது. இஃது எவ்வாறு என்று, ஐம்பதைச் செங்கோணத்தின் எதிர்ப்பக்கமாகக் கொண்ட 30, 40 என்னும் முக்கோணத்தையும் 14, 48 என்னும் முக்கோணத்தையும் வரைந்து பார்க்கும் பள்ளிப் பிள்ளை அறிவாள். நான்கு பக்கம் அளந்தால் நிலத்தை அளந்தாகிவிடாது. குறுக்கேயும் ஒரு கோடு அளக்க வேண்டும் என்று தன் தந்தைக்கு அவள் சொல்வாள். வீட்டுக்கு ஒரு பிள்ளை இவ்வாறு சொல்லத் தெரிந்திருந்தால், எத்தனை குடும்பத்தின் உழைப்பு காப்பாற்றப்படும்!

இனி, சொல் பற்றி ஒரு சொல். செங்கோணத்திற்கு எதிரே உள்ள பக்கத்தை நம் நாட்டுப் பள்ளி நூல்கள் இன்றும் 'கர்ணம்' என்றே வழங்குகின்றன. வடமொழியில் அச்சொல்லுக்குக் காது என்பது பொருள். நம் சிற்றூரிலோ கணக்கெழுதியவர் கர்ணம். ஊர்க் கர்ணத்தைத் தமிழக அரசு 1980ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டது. முக்கோணத்துக் கர்ணமோ இன்னும் பணியில் இருக்கின்றார்! ஈழத்துப் பள்ளி நூல்களில் அதே பக்கத்திற்குப் பெயர் செம்பக்கம். செங்கோணத்தின் எதிரே செம்பக்கம். ஒரு முறை கேட்ட பிள்ளை மறப்பானா? நாம் 'ஆரம்' என்பதை அவர்கள் ஆரை என்கின்றனர். நாம் 'சர்வசமம்' என்பதை அவர்கள் ஒருங்கிசைவு என்கின்றனர். ஈழத்தவர் நூல்களிலும் களைய வேண்டிய அயற்சொற்கள் உண்டு. ஆயினும் இவ்விடங்களில் அவர்கள் நமக்கு வழிகாட்டிகள். சொல்லுக்குள்ளே பொருள் தெரியுமாயின் பாதிக் கணக்கு விளங்கிவிடும். நாண், தொடுகோடு, மூலைவிட்டம், தேற்றம், சமன்பாடு, மாறிலி என்னும் சொற்களை எந்தப் பிள்ளையும் கண்டு அஞ்சியதில்லை. அஞ்ச வைப்பது பொருள் தெரியாச் சொல்லே. அது வடமொழியாயினும் ஒன்றே, ஆங்கிலமாயினும் ஒன்றே.

தமிழில் கணக்கியல் நூல் எழுத முடியுமா என்று இன்னும் கேட்போர்க்கு வரலாறு விடை சொல்லும். யாழ்ப்பாணத்துக் கரோல் விசுவநாதப் பிள்ளை 1855ஆம் ஆண்டிலேயே குறிக்கணக்கியலுக்கு 'வீசகணிதம்' என்னும் தமிழ்நூலை எழுதி வெளியிட்டார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் பல துறைகளுக்கும் சொல் திரட்டிக் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதியை 1938ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. இந்தியத் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்குரிய முதல்நிலை நுழைவுத் தேர்வை 2021ஆம் ஆண்டு முதல் தமிழிலும் எழுதலாம். வழி அடைபட்டுக் கிடக்கின்றது என்று இனியும் சொல்வதற்கில்லை. தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமை தரும் சட்டமும் 2010ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே, 2012–13ஆம் கல்வியாண்டில், அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகத் தொடங்கின. ஒரு கையால் விளக்கேற்றி மறு கையால் எண்ணெயை வடிக்கும் செயல் அன்றோ இது!

அரசைக் குறை சொல்லி அமர்ந்துவிடுதல் நம் பணியன்று. பிள்ளையை ஆங்கிலவழிக்கு அனுப்பும் தாய் தமிழை வெறுத்து அனுப்பவில்லை. தமிழ்வழியில் கணக்கை விளங்க வைப்பார் இல்லையே என்னும் அச்சத்தால் அனுப்புகின்றாள். அவ்வச்சத்தை மேடைப் பேச்சு நீக்காது. மாலையில் ஒரு மணி நேரம் அவள் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை, ஏன் ஏன் என்று கேட்டுக் கேட்டுச் செய்து காட்டும் ஓர் அண்ணனோ அக்கையோ நீக்குவர்.

எனவே நம் அன்பர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று: ஊர்தோறும் பட்டம் பெற்ற நம் தோழர் இருவரேனும் ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைக் கணக்கு வகுப்பு நடத்துக, கூலி பெறற்க. இரண்டு: அவ்வகுப்பில் செம்பக்கம், ஆரை, தகவு என்னும் தூய சொற்களையே முதலில் சொல்லுக, தேர்வுத் தாளில் வரும் சொல்லையும் உடன் சொல்லிவைக்க மறவற்க, நம் கொள்கைக்காகப் பிள்ளை மதிப்பெண் இழக்கலாகாது. மூன்று: விடை வந்ததும் கணக்கை மூடிவிடற்க. 'இஃது எப்பொழுதும் மெய்யா? எங்கே பொய்யாகும்?' என்று ஒவ்வொரு முறையும் கேட்க. அவ்வினாவை முன்னோர் பாட்டின்மேலும் கேட்க. நம் இதழில் அச்சேறிய வரியின்மேலும் கேட்க.

முதல் நாள் வகுப்புக்குக் கரும்பலகை இல்லையா? கவலையில்லை. ஒரு முழக் கயிறுகூடப் போதும். சரியான இடைவெளியில் பன்னிரண்டு முடிச்சிட்டு, முனைகளைப் பிணைத்து, மூன்று நான்கு ஐந்து என்று மூன்று பிள்ளைகளைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். தரையில் ஒரு செங்கோணம் விழும். அதே மூலைமட்டந்தான் ஆலையின் கடைக்காலிலும், வடக்குப்பட்டு அகழ்குழியின் ஓரத்திலும் இருக்கின்றது என்று சொல்லுங்கள். பிறகு, 'ஏன் அவ்வாறு விழுகின்றது?' என்று கேட்டுவிட்டுப் பேசாமலிருங்கள். விடையை அப்பிள்ளைகள் சொல்லட்டும், தமிழிலேயே சொல்லட்டும்.